கண்ணாடி இழை சேர்த்த நைலான் நெம்புகோல் துளையருகே விரிசல் விடுகிறது: கார்பன் இழைக்கு மாறலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இன்ஜெக்ஷன் மோல்டிங் முறையில் சிறு இயந்திர உறுப்புகளை வார்க்கும் பிரிவில் பணிபுரிகிறேன். சாதாரணப் பிளாஸ்டிக்குகளில் பல ஆண்டு பழக்கம் உண்டு. இழை சேர்த்த பிளாஸ்டிக்கை இப்போதுதான் முதன்முறையாகக் கையாள்கிறேன்.

ஒரு பம்பின் அலுமினிய உடலை ஒட்டி இயங்கும் நெம்புகோல் எங்களிடம் வார்க்கப்படுகிறது. அதன் நீளம் 140 மில்லிமீட்டர், தடிமன் 5 மில்லிமீட்டர். ஒரு முனையில் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை இருக்கிறது. அதற்குள் எஃகு புஷ் (குழல் வடிவ வளையம்) ஒன்றை அழுத்திச் செலுத்துகிறோம். புஷ்ஷுக்குள் செல்லும் முளையை, நெம்புகோல் அதன் நீளவாக்கில் பிடித்து இழுக்கிறது. முதலில் இழை சேர்க்காத நைலான் 66ஐப் பயன்படுத்தினோம். அருகிலுள்ள மோட்டாரின் வெப்பத்தால் அவ்விடத்தில் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதால் நெம்புகோல் மெல்ல மெல்ல வளைந்துவிட்டது. ஆகவே 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 66க்கு மாறினோம். வளைவது அடியோடு நின்றது. ஆனால் துளையின் வெளி விளிம்பில், அதாவது நெம்புகோலின் முனைப் பக்கத்தில், விரிசல் விழத் தொடங்கியது. விரிசல் எப்போதும் அதே இடத்தில்தான் வருகிறது. சில உறுப்புகள், பம்பில் பொருத்துவதற்கு முன்பே, புஷ் அழுத்திய மறுநாள் காலையில் பெட்டிக்குள்ளேயே விரிந்து கிடந்தன.

எனக்குப் புரியாதது இதுதான். பொருளின் தரவுத்தாளின்படி இழையற்ற நைலானின் இழுவிசை வலிமை ஏறத்தாழ 80 மெகாபாஸ்கல். கண்ணாடி இழை சேர்த்ததற்கு 185 மெகாபாஸ்கல். எங்கள் கணக்குப்படி இந்த உறுப்பில் எழும் தகைவு 45 மெகாபாஸ்கலைத் தாண்டுவதில்லை. அப்படியிருக்க, 80 தாங்குவது உடையாமல் இருந்ததும் 185 தாங்குவது உடைவதும் எப்படி?

30 சதவீதம் கார்பன் இழை சேர்த்த நைலானுக்கு மாறிவிடலாம் என்று எங்கள் மேலாளர் கருதுகிறார். அதன் தரவுத்தாளில் வலிமை 240 மெகாபாஸ்கலுக்கு மேல் என்றும், விறைப்பு கண்ணாடி இழைக் கலவையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் என்றும் உள்ளது. மாறினால் விரிசல் நிற்குமா? மேலும், வாங்கும் குருணையில் (உருக்கி வார்ப்பதற்கான பிளாஸ்டிக் மணிகளில்) உண்மையிலேயே 30 சதவீதம் கண்ணாடி இருக்கிறதா என்பதை நாங்களே சோதித்துப் பார்க்க வழியுண்டா? இன்னொன்று: இதே பொருளில் வார்க்கும் தட்டையான மூடி ஒன்று குளிர்ந்த பிறகு கோணிக்கொள்கிறது. கார்பன் இழை அதையும் சரிசெய்யுமா?

மறுமொழி 1: மோல்டு வடிவமைப்பாளர்

வணக்கம். பொருளை மாற்றுவதற்கு முன் இரண்டு விவரங்களைத் தெரிவியுங்கள். உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் கேட் எந்த முனையில் இருக்கிறது? துளையின் அளவும் புஷ்ஷின் வெளிவிட்டமும் எவ்வளவு? கேட் துளைக்கு எதிர்முனையில் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் உங்கள் விரிசல் வெல்டு லைன் மீதுதான் விழுகிறது.

துளையை உருவாக்கும் முளைக்கம்பி மோல்டுக்குள் ஒரு பாலத்தூணைப் போல நிற்கிறது. உருகிய பிளாஸ்டிக் அதன் இருபுறமும் பிரிந்து ஓடி, பின்பக்கத்தில் மீண்டும் சந்திக்கிறது. அந்தச் சந்திப்புக் கோடுதான் வெல்டு லைன். வெள்ளத்தில் மிதந்து வரும் வைக்கோல் தூணுக்குப் பின்னால் சேருமிடத்தில் எப்படிக் கிடக்குமோ, இழைகளும் அப்படியே கிடக்கும்: ஒவ்வொரு பிரிவின் முகப்பிலும் இழைகள் சந்திப்புக்கு இணையாகப் படுத்திருக்கும், ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்குக் குறுக்கே பாயும் இழை ஒன்றுகூட அங்கே இருக்காது. இழையற்ற நைலானில் இரு பிரிவுகளும் சூடாகச் சந்தித்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வலிமையின் பெரும்பகுதி மீண்டுவிடும். இழை கலந்ததில் அந்தச் சந்திப்பைப் பிடித்துவைப்பது வெறும் நைலான் மட்டுமே. 30 சதவீதக் கண்ணாடி இழைக் கலவையில் வெல்டு லைனின் வலிமை தரவுத்தாள் மதிப்பில் பாதியளவுக்கு இறங்குவது மிகச் சாதாரணம்.

தரவுத்தாளில் உள்ள 185 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு சொல். அந்த எண்ணைப் பெறுவதற்காக வார்க்கப்படும் சோதனைத் துண்டு ஒரு முனையிலிருந்து நிரப்பப்படுகிறது. இழைகளில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையிலேயே படுக்கின்றன. இழுப்பதும் அதே திசையில்தான். இழைக்கு மிகவும் சாதகமான நிலை அது. ஓட்டத்துக்குக் குறுக்காக வெட்டியெடுத்த துண்டை இழுத்தால் அந்த மதிப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு அந்த எண் ஈரமற்ற நைலானுக்கு, அறை வெப்பநிலையில் எடுக்கப்பட்டது. காற்றிலுள்ள ஈரத்தை நைலான் உறிஞ்சிக்கொண்ட பிறகு 185 என்பது 120, 130க்கு இறங்கும். உங்கள் 110 டிகிரியில் இன்னும் குறையும். இழையற்ற பிளாஸ்டிக்கை ஒரே எண்ணால் விவரித்துவிடலாம். இழை சேர்த்ததை அப்படி விவரிக்க முடியாது என்பதை இத்துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதல் நாளிலேயே சொல்லிவிடுவேன்.

உடைந்த உறுப்பு ஒன்றை எடுத்து, விரிசலை முழுவதும் பிளந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் உடைமுகத்தைப் பாருங்கள். முகம் மழமழப்பாக, இழைகள் அதன்மேல் படுத்தபடி மினுங்கினால் அது வெல்டு லைன். முகம் சொரசொரப்பாக, கத்தரித்த தூரிகையைப் போல இழைமுனைகள் நிமிர்ந்து நின்றால் என் ஊகம் தவறு. அப்போது வேறு காரணம் தேட வேண்டும்.

மறுமொழி 2: பொருளியல் ஆய்வகத்தில் பணிபுரிபவர்

மோல்டு வடிவமைப்பாளர் ஐயா கூறியதை முழுவதும் ஏற்கிறேன். கார்பனுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். அதற்கு, இழை எப்படிப் பிளாஸ்டிக்கை வலுப்படுத்துகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடி எளிதில் உடையும் என்பது நாம் நாள்தோறும் காண்பது. அதே கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்தால் நிலைமை மாறுகிறது. 1921இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ஏ. ஏ. கிரிஃபித் இதை அளந்து காட்டினார். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கம்பி ஏறத்தாழ 170 மெகாபாஸ்கலில் அறுந்தது. மூன்று மைக்ரான் அளவுக்கு மெலிந்த இழை 3,000 மெகாபாஸ்கலுக்கும் மேல் தாங்கியது. கண்ணாடியின் பரப்பிலுள்ள நுண்கீறல்களே அதன் வலிமையைத் தின்றுவிடுகின்றன என்றும், மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை என்றும் அவர் விளக்கினார். இன்று நாம் நைலானில் கலக்கும் கண்ணாடி இழையின் விட்டம் பொதுவாக 10 மைக்ரான். கார்பன் இழைக்கு 7 மைக்ரான்.

அந்த வலிமை பிளாஸ்டிக்குக்குக் கிடைக்க வேண்டுமானால், விசை பிளாஸ்டிக்கிலிருந்து இழைக்குள் புக வேண்டும். அது இழையின் முனை வழியாகப் புகுவதில்லை. பக்கவாட்டுப் பரப்பில் பிளாஸ்டிக் பற்றியிருக்கும் பிடிப்பின் வழியாகவே சிறிது சிறிதாகப் புகுகிறது. முனையில் இழை சுமப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உள்ளே செல்லச் செல்லச் சுமை ஏறுகிறது. இழை போதிய நீளம் இல்லாவிட்டால், சுமை உச்சத்தை எட்டுவதற்குள் மறுமுனை வந்துவிடும். அத்தகைய இழை அறுவதற்குப் பதிலாக உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். இந்த வரம்பு நீளத்தைக் கணக்கிடுவது எளிது. இழையின் வலிமையை அதன் விட்டத்தால் பெருக்கி, பிடிப்பு வலிமையின் இருமடங்கால் வகுக்க வேண்டும். கையாளப்பட்ட கண்ணாடி இழையின் வலிமையை 2,000 மெகாபாஸ்கல் என்றும், பிடிப்பு வலிமையை 40 என்றும் எடுத்துக்கொண்டால் 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர் வருகிறது. 3,500 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கார்பன் இழைக்கு அதே கணக்கு 300 மைக்ரானைத் தாண்டுகிறது. வரம்பு நீளத்திலேயே நிற்கும் இழைகூடச் சராசரியாகத் தன் வலிமையில் பாதியைத்தான் தருகிறது. முழுப் பயனுக்கு அதைப் போல் பல மடங்கு நீளம் தேவை. குருணை தயாரிக்கையில் மூன்று, நான்கு மில்லிமீட்டராக வெட்டிப் போடப்படும் இழை, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் ஸ்குருவில் அரைபட்டு மோல்டுக்குள் வந்து சேரும்போது பெரும்பாலும் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டராகக் குறைந்திருக்கும். நாம் எப்போதும் வரம்பின் விளிம்பிலேயே நிற்கிறோம்.

பிடிப்பைத் தருவது இழையின்மேல் பூசப்பட்டுள்ள சைசிங் என்னும் மெல்லிய பூச்சு. நைலானுக்கான கண்ணாடி இழையில் அமினோ தொகுதி கொண்ட சிலேன் பூசப்படுகிறது. அதன் ஒரு கை கண்ணாடியையும் மறு கை நைலானையும் பிடித்துக்கொள்கிறது. பாலிபுரொப்பிலீன் எதனோடும் எளிதில் ஒட்டாத இயல்புடையது. ஆகவே அதில் மாலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரொப்பிலீனைச் சிறிதளவு கலந்தால்தான் கண்ணாடி இழை உருப்படியாக உழைக்கும்.

இப்போது கார்பனைப் பார்ப்போம். கார்பன் இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல். கண்ணாடி இழைக்கு 72. மூன்று மடங்குக்கும் மேல். கார்பன் எடை குறைந்தது என்பதால், அதே 30 சதவீத எடைக்குக் கன அளவில் கூடுதல் இழை கிடைக்கிறது: கண்ணாடி கன அளவில் 16 சதவீதம்தான், கார்பன் 21 சதவீதத்துக்கும் மேல். எல்லா இழைகளும் நீண்டவையாக, ஒரே திசையில் கிடந்தால் கண்ணாடிக் கலவை ஏறத்தாழ 14 கிகாபாஸ்கலும் கார்பன் கலவை 50க்கு மேலும் காட்ட வேண்டும். நடைமுறையில் கண்ணாடி 9 அல்லது 10 காட்டுகிறது. கார்பன் 20க்குச் சற்று மேல்தான். கண்ணாடி தன் இயல்திறனில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகையில், கார்பன் பாதியைக்கூடத் தருவதில்லை. விறைப்பான இழைக்கு இன்னும் அதிக நீளமும் இன்னும் ஒழுங்கான திசையும் தேவைப்படுவதே காரணம். அரைபட்ட குறு இழையாகக் கார்பனை இடும்போது அதன் அருமையில் பாதி வீணாகிறது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

உங்கள் பிரச்சினைக்கு இதைவிட முக்கியமான எண் வேறொன்று: உடையும் முன் எவ்வளவு நீள்கிறது என்பது. கண்ணாடி இழை 4 சதவீதத்துக்கு மேல் நீண்ட பிறகே அறும். கார்பன் இழை 1.5 சதவீதத்திலேயே அறுந்துவிடும். கலவையாகப் பார்த்தால், ஈரமற்ற நிலையில் கண்ணாடி நைலான் ஏறத்தாழ 3 சதவீதமும் கார்பன் நைலான் 2 சதவீதத்துக்குள்ளும் நீண்டு உடையும். உங்கள் விரிசல் திரிபினால், அதாவது அளவுக்கு மீறி நீட்டப்படுவதால், எழுவது என்றால், கார்பனுக்கு மாறுவது நிலைமையை மோசமாக்கும். பெட்டிக்குள்ளேயே விரிந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால், புஷ்ஷின் அளவைக் குறித்து எனக்குப் பலத்த சந்தேகம் இருக்கிறது.

கண்ணாடி அளவைச் சோதிப்பது எளிது. இரண்டு மூன்று கிராம் துண்டை நன்கு உலர்த்தி, எடையறிந்த மூசையில் இட்டு, மஃபிள் உலையில் 600 டிகிரியில் கரி முழுவதும் எரிந்து வெள்ளையாகும் வரை வையுங்கள். ஆறிய பின் எஞ்சியதை எடைபோட்டால் கண்ணாடியின் பங்கு தெரிந்துவிடும். எஞ்சியது பஞ்சுபோல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தாதுப்பொடி கலந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பஞ்சில் ஒரு சிட்டிகையை நீரில் மெதுவாக அலசி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்நோக்கியில் நீளத்தையும் அளந்துவிடுங்கள். கார்பன் இழைக்கு இம்முறை உதவாது. காற்றில் அதுவும் எரிந்துபோகும். அதற்கு நைலானை ஃபார்மிக் அமிலத்தில் கரைத்து வடிகட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

கேட் துளைக்கு எதிர்முனையில்தான் இருக்கிறது. துளை 12.00 மில்லிமீட்டர், புஷ்ஷின் வெளிவிட்டம் 12.15. இழையற்ற நைலான் காலத்து அளவை நாங்கள் மாற்றவே இல்லை. விரிசலைப் பிளந்து லென்ஸில் பார்த்தபோது, துளையிலிருந்து முனை வரை ஒரு வாள் இறங்கியதுபோல நேரான, மழமழப்பான முகம். இழைகள் அதன்மேல் படுத்தபடி வெளிச்சத்தில் மினுங்கின. நிமிர்ந்து நின்றவை ஓரங்களில் ஒன்றிரண்டுதான். ஒப்பிடுவதற்காக அதே நெம்புகோலின் நடுப்பகுதியைக் கிடுக்கியில் பிடித்து முறித்தேன். அது மிகவும் சிரமப்பட்டே முறிந்தது. முறிந்த முகம் முழுவதும் தூரிகைபோல் முனைகள் நின்றன. ஒரே உறுப்புக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் இருப்பதுபோல் இருந்தது.

மூசையில் எரித்ததில் 29.4 சதவீதம் எஞ்சியது. ஆகவே கண்ணாடி அளவில் குறையில்லை. ஆனால் நுண்நோக்கியில் பார்த்தபோது பெரும்பாலான இழைகள் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருந்தன. இதைச் சொல்ல வேண்டும்: ரன்னர்களையும் (கேட்டுக்கு வரும் வழியில் உறைந்த பிளாஸ்டிக்கையும்) கழிவு உறுப்புகளையும் அரைத்து, புதுக் குருணையோடு 40 சதவீதம் வரை கலந்து பயன்படுத்தி வருகிறோம். இழையற்ற நைலானில் இதனால் எந்தத் தொல்லையும் வந்ததில்லை.

மறுமொழி 3: வார்ப்புப் பிரிவு மேற்பார்வையாளர்

நண்பரே, அந்த 40 சதவீதத்தைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அரைக்கும் இயந்திரத்தின் கத்தி நைலானை மட்டும் வெட்டுவதில்லை. உள்ளே இருக்கும் இழைகளையும் துண்டாக்குகிறது. பிறகு ஸ்குரு இன்னொரு முறை முறிக்கிறது. மூசையில் எரித்தால் கண்ணாடி எடை அப்படியே இருக்கும். நீளம் மட்டும் போய்விட்டிருக்கும். கண்ணாடி அளவு சரியாக இருந்தும் உறுப்பு வலுவிழந்து நிற்பதை நானும் அனுபவித்திருக்கிறேன். எரித்துப் பார்த்த முடிவை மட்டும் நம்பி, பொருள் சரியானது என்று ஒரு வாரம் முழுவதும் வேறு இடங்களில் குறை தேடிக்கொண்டிருந்தேன். நீளத்தை அளந்த பிறகுதான் உண்மை விளங்கியது. சுமை தாங்கும் உறுப்புக்கு மறுஅரைவையை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். முடியாவிட்டால் 15, 20 சதவீதத்துக்குள் நிறுத்தி, ஒருமுறை அரைத்ததை மறுபடியும் அரைக்காதீர்கள்.

ஸ்குருவிலும் கவனம் வேண்டும். இழையற்ற நைலானுக்கு வைத்திருந்த பேக் பிரஷரையும் (உருகும்போது ஸ்குருவைப் பின்னிருந்து தடுக்கும் அழுத்தத்தையும்) சுழல் வேகத்தையும் அப்படியே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டையும் குறையுங்கள். குருணை ஹாப்பரிலிருந்து இறங்கியதும் பாதி உருகிய நிலையில் அரைபடுவதால்தான் இழைகள் அதிகம் முறிகின்றன. பின்புற வெப்ப மண்டலத்தைச் சற்று உயர்த்தி வைத்தால், குருணை விரைவில் உருகி இழைகள் தப்பிக்கும். கேட்டும் ரன்னரும் குறுகலாகவோ கூர்மையான திருப்பங்களுடனோ இருந்தால் அங்கும் முறியும்.

உருக்குவதற்கு முன் குருணையை உலர்த்துவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. நைலானில் ஈரம் இருக்கும் நிலையில் உருக்கினால் நீர் மூலக்கூறு நைலான் சங்கிலியை அறுத்துவிடும். 80 டிகிரியில் ஈரநீக்கும் உலர்த்தியில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே உருக்குங்கள். மோல்டின் வெப்பநிலையை 80 முதல் 100 டிகிரிக்குள் வையுங்கள். குளிர்ந்த மோல்டில் வெல்டு லைன் இன்னும் பலவீனமாகும், மேற்பரப்பில் இழைகள் வெளுத்துத் தெரியும். கண்ணாடி இழை ஸ்குருவையும் பேரலையும் தேய்க்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். சாதாரண நைட்ரைடு எஃகுப் பேரல் நெடுநாள் தாங்காது. இரு உலோகப் பேரல் வேண்டும்.

மறுமொழி 4: மோல்டு வடிவமைப்பாளர்

லென்ஸில் பார்த்ததை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. இப்போது கணக்கு நேராக வந்துவிட்டது. 12.00 துளைக்குள் 12.15 புஷ் என்றால் துளையின் ஓரம் 1.25 சதவீதம் நீட்டப்படுகிறது. இழையற்ற நைலான் அந்த நீட்சியைப் பொறுத்துக்கொண்டு நாளடைவில் தளர்ந்துகொடுத்தது. கண்ணாடி இழைக் கலவை மூன்று மடங்கு விறைப்பானது; தளர்ந்துகொடுக்காது. அதன் முழு உடலும் 3 சதவீதம் நீளக்கூடியது என்றாலும், வெல்டு லைன் அதில் பாதியைக்கூடத் தாங்குவது அரிது. புஷ் அழுத்திய நொடியிலேயே அந்த ஓரம் உடையும் எல்லைக்கு வந்துவிடுகிறது. இரவு முழுவதும் அதே நிலையில் நின்று, காலையில் விரிகிறது. வெளிச் சுமையாக நீங்கள் கணக்கிட்ட 45 மெகாபாஸ்கல், ஏற்கெனவே இருக்கும் இந்தச் சுமையின்மேல் ஏறுவது. கார்பன் கலவையில் இதே புஷ்ஷை அழுத்தினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதே இருக்காது.

புஷ்ஷின் மிகையளவை, அதாவது துளையைவிட அது பெரிதாக இருக்கும் அளவை, 0.03 அல்லது 0.04 மில்லிமீட்டருக்குக் குறைக்க வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் வேறொரு தொல்லை வரும். நைலான் எஃகைவிட அதிகம் விரிவடைவதால், 110 டிகிரியில் துளை ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் கூடுதலாக விரிந்து புஷ் தளர்ந்துவிடும். முதலில் வடிவமைத்தவர்கள் 0.15 வைத்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். ஆகவே பிடிப்பை இறுக்கத்திடம் விடாமல், ஒரு பக்கம் விளிம்புள்ள புஷ்ஷைச் செருகி, மறுபக்கத்தில் வாஷர் வைத்து புஷ்ஷின் உதட்டை மடித்துவிடுங்கள். அப்போது புஷ் சற்றுத் தளர்ந்தாலும் கழன்று விழாது.

அடுத்தது கேட். அதைத் துளை இருக்கும் முனைக்கே, துளைக்கு வெளிப்புறமாக மாற்றுங்கள். வெல்டு லைன் மறைந்துவிடாது. ஆனால் துளைக்கு உட்புறத்தில், நெம்புகோலின் தண்டுப் பக்கத்தில் விழும். இதனால் இரண்டு நன்மைகள் உண்டு. நெம்புகோலை இழுக்கும்போது முளை துளையின் வெளி ஓரத்தைத்தான் அழுத்துகிறது. உள் ஓரத்தில் சுமை மிகக் குறைவு, அங்குள்ள வெல்டு லைனும் இழுவைக்கு இணையாகக் கிடப்பதால் பிளக்காது. மேலும் இரு பிரிவுகளும் சந்தித்த பிறகு அங்கேயே நின்றுவிடாமல் ஒன்றாகத் தண்டின் நீளம் முழுவதும் ஓடுகின்றன. அந்த ஓட்டத்தில் சந்திப்பு ஓரளவு கலைந்து இழைகள் மீண்டும் நீளவாக்கில் படுக்கும். தண்டுக்கு வேண்டிய திசையும் அதுவே. இப்போதைய மோல்டில் கேட்டை மாற்ற இயலாவிட்டால், வெல்டு லைன் விழும் முனைக்கு வெளியே ஒரு சிறு வழிதல் குழியை வெட்டுங்கள். சந்தித்த பிளாஸ்டிக் கோட்டைக் கடந்து அக்குழிக்குள் பாயும். குழியில் உறைந்ததைப் பிறகு வெட்டியெடுத்துவிடலாம். கேட்டை மாற்றுவதற்கு இது ஈடாகாது. எனினும் பயன் தரும்.

மறுமொழி 5: கார்பன் இழைக் கலவைகளுடன் பணிபுரிபவர்

இந்த நெம்புகோலுக்குக் கார்பன் பொருந்தாது என்ற முடிவை நானும் ஏற்கிறேன். ஆயினும் இதைப் படிப்பவர்கள் கார்பன் இழை குறு இழையாகப் பயனற்றது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மறுமொழி 2இல் கூறப்பட்டதுபோல் அதன் இயல்திறனில் பாதிக்கு மேல் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கிடைக்கும் அந்தப் பாதியே, கண்ணாடிக் கலவையைவிட எடை குறைந்த உடலில் இருமடங்கு விறைப்பைத் தருகிறது. விரைந்து அசையும் கைகள், எடை குறைய வேண்டிய சட்டகங்கள், வெப்பத்தால் அளவு மாறக் கூடாத கருவிப் பகுதிகள் ஆகியவற்றில் அதற்கு இணையில்லை. தன் நீளவாக்கில் சூடேறும்போது விரிவதற்குப் பதிலாக மிகச் சிறிதளவு சுருங்கும் இழை அது. உராயும் பற்சக்கரங்களில் எதிர்ப்பரப்பைக் கண்ணாடி இழை கீறிவிடும். கார்பன் இழை அவ்வளவு கீறாது. நிலைமின்னூட்டத்தை வடித்துவிட வேண்டிய இடங்களிலும் அதையே நாடுகிறோம்.

மின்னைக் கடத்தும் அந்தக் குணமே உங்கள் இடத்தில் எதிரியாகும். பம்பின் உடல் அலுமினியம் என்று எழுதியிருக்கிறீர்கள். கார்பன் இழை அலுமினியத்தைத் தொட்டபடி ஈரத்தில் இருந்தால் மின்கலம்போல் செயல்பட்டு அலுமினியத்தை அரித்துவிடும். கண்ணாடி இழையில் அந்த அச்சம் கிடையாது. கார்பன் கலவையை அறுக்கும்போது எழும் தூளும் மின்பெட்டிகளுக்குள் புகுந்து குறுக்குச் சுற்றை உண்டாக்கும். அறுக்கும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

வலிமை இன்னும் வேண்டும் என்றால் கார்பனுக்கு முன்பு நீள்கண்ணாடி இழைக் குருணையைச் சோதித்துப் பாருங்கள். அதில் இழை குருணையின் முழு நீளத்துக்கும், அதாவது 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை, தொடர்ந்து ஓடும். ஸ்குருவில் எவ்வளவு முறிந்தாலும் உறுப்பில் எஞ்சும் நீளம் வரம்பைவிடப் பல மடங்கு இருக்கும். அதிர்ச்சி தாங்கும் திறன் கண்கூடாக உயரும். கேட் அகலமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மூடியின் கோணல் வேறு வகை. 30 சதவீதக் கண்ணாடி நைலான் ஓட்டத் திசையில் 0.3 சதவீதம் அளவிலும், குறுக்கே 1 சதவீதம் அளவிலும் சுருங்குகிறது. தட்டையான உறுப்பு இந்த வேறுபாட்டால் முறுக்கிக்கொள்கிறது. கார்பன் இழையிலும் அதே வேறுபாடு உண்டு. ஆகவே அதனால் தீர்வு கிடைக்காது. இழையின் ஒரு பகுதியைக் குறைத்து, எத்திசையிலும் ஒரே தன்மையுள்ள கண்ணாடி மணியோ தாதுப்பொடியோ கலந்த நைலானைக் கேட்டு வாங்குங்கள். மூடிக்கு அவ்வளவு வலிமை தேவைப்படாது.

கேள்வி கேட்டவர்

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கார்பன் இழையைக் கைவிட்டோம். முதலில் மறுஅரைவையை நிறுத்தி, பேக் பிரஷரைக் குறைத்து, மோல்டை 90 டிகிரியில் வைத்துப் பார்த்தோம். புஷ்ஷையும் கேட்டையும் மாற்றவில்லை. இழை நீளம் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டரை எட்டியது. தண்டை முறிப்பது முன்னைவிடக் கடினமாயிற்று. ஆனால் துளையோர விரிசல் சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. குறுக்கே இழையே இல்லாத இடத்தில் இழையின் நீளம் எதைச் செய்யும் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

பிறகு விளிம்புள்ள புஷ்ஷுக்கு மாறி, மிகையளவை 0.04 ஆக்கினோம். பெட்டிக்குள் விரிவது அன்றோடு நின்றது. இறுதியாக மோல்டில் கேட்டை இடம் மாற்றினோம். அதன் பிறகு வார்த்த 600 உறுப்புகளில் துளையோர விரிசல் ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்றே இழுத்து உடைத்தபோது, துளையின் பக்கவாட்டில், தூரிகைமுகத்தோடு உடைந்தது. நூறு மணி நேரம் 110 டிகிரியில் ஓட்டிய பம்பைக் கழற்றிப் பார்த்தபோது புஷ் விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது, ஆனால் மடித்த உதடு அதை இடத்திலேயே வைத்திருந்தது.

மூடிக்குக் கண்ணாடி மணி கலந்த குருணையின் மாதிரி வந்திருக்கிறது. இப்போது உலர்த்தியில் இருக்கிறது. நாளை வார்த்து, குளிர்ந்த பின் நான்கு மூலைகளையும் அளந்து இங்கே எழுதுகிறேன்.